நாற்பத்தொரு முத்துகள்

"கைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா."

கடை மேலாளர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு விற்பனைப் பெண்களின் கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

உடைமாற்றும் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து எதிரே நின்ற பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாரத்தில் இரண்டு நாள், சொல்லி வைத்தாற்போல் பதினோரு மணிக்கு வருவார். முகப்புக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு உடுத்தியிருக்கும் கருநீலக் கவுனைக் கேட்பார். அதை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனால் முழுசாக அரை மணி நேரம். வெளியே வந்து, "இடுப்புல பிடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்றோடு பதினோரு முறை ஆயிற்று.

ஒவ்வொரு முறையும் பொம்மையின் கைகளைக் கழற்றி, கவுனை உருவி, மறுபடி மாட்டுவது கடைப் பெண்களின் பாடு. அவர்கள் அவருக்கு 'ட்ரயல் ரூம் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கல்யாணப் பெண்கூட இத்தனை தடவை போட்டுப் பார்க்க மாட்டாள் என்று கேலி வேறு.

கேலியோடு போயிருக்கும். ஆனால் போன தடவை அவர் வந்துபோன பிறகு, அறையைப் பெருக்கிய அம்மாள் ஒரு சிறிய முத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்தக் கவுனில் கோத்திருந்த அதே முத்து. இருபது வருடத்தில் ஒரு பொத்தான்கூடத் தொலையாத கடை இது என்பது மேலாளரின் பெருமை. இன்றைய பதினோரு மணிக்காக அவர் காத்திருந்தார்.

கவுன் சாதாரணமானதல்ல. முப்பத்தைந்து வருடப் பழையது. உள்கழுத்தில் பேர்போன வடிவமைப்பாளர் ஒருவரின் பெயர்ப்பட்டை இருக்கிறது. விற்கக் கொடுத்தவர் ஒரு மேடைப் பாடகி; இப்போது பாடுவதில்லை. உடுத்திய உடைகளை மறுபடி விற்றுத் தரும் அந்தக் கடையில், அவரைப்போல் நிபந்தனை போட்டவர் எவரும் இல்லை. கவுன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். விலை குறைக்கக் கூடாது. யார் கேட்டாலும் போட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும். கீழ் ஓரத்தில் நாற்பத்தொரு முத்துகள் இல்லை என்று பெரிய எழுத்தில் சீட்டெழுதி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி குத்தியும் வைக்க வேண்டும்.

"குறையை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு யானை விலையும் கேட்டா, யார் மேடம் வாங்குவாங்க?" என்று மேலாளர் கேட்டே விட்டார். பாடகி சிரித்ததோடு சரி.

வாரம் தவறாமல் போன் மட்டும் வரும். யாராவது போட்டுப் பார்த்தார்களா என்று கேட்பார். ஒரே அம்மாள்தான் திரும்பத் திரும்ப வருகிறார் என்று மேலாளர் அலுத்துக்கொண்டால், "வரட்டுமே, கவுன் தேஞ்சா போயிடும்?" என்பார். பேராசையா, பெருமையா என்று மேலாளருக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

கைப்பை திறந்தது. ஊசி, கருநீல நூல், ஒரு பழைய மாத்திரை டப்பா. டப்பாவுக்குள் ஏழு முத்துகள்.

"ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்திருக்கீங்க. பார்த்தா படிச்சவங்களாத் தெரியறீங்க. போலீஸுக்குப் போன் போடட்டுமா?"

அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்தது. குரல் மட்டும் தடுமாறவில்லை.

"போடுங்க. அதுக்கு முன்னாடி, கவுன்ல எத்தனை இடம் காலியா இருக்குன்னு எண்ணிடுங்க. சீட்டையும் ஒரு தரம் படிச்சுடுங்க."

மேலாளர் கவுனை மேசைமேல் விரித்து எண்ணினார். நம்பாமல், விரல் வைத்து மறுபடி எண்ணினார்.

காலி இடங்கள் நாற்பத்தொன்று இல்லை. எட்டு.

டப்பாவில் ஏழு. தரையில் கிடைத்தது ஒன்று.

விற்பனைப் பெண்களில் ஒருத்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அதில் உட்கார்ந்துதான் அவர் சொன்னார். பாடகி அவருடைய கூடப் பிறந்த அக்கா. முப்பது வருடத்துக்கு முன்பு, அக்கா ஊரில் இல்லாத ஒரு நாள், தோழி வீட்டு விருந்துக்கு அந்தக் கவுனைக் கேட்காமல் உடுத்திக்கொண்டு போனார். மாடிப்படியில் செருப்பின் குதி மாட்டி, ஓரம் பிரிந்துவிட்டது. மண்டியிட்டுத் தேடி, சிதறிய முத்து அத்தனையும் சேகரித்தார். கவுனை மடித்து அலமாரியில் திரும்ப வைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை; முத்துகள் அவரிடமே தங்கிவிட்டன.

"அக்கா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ கேக்கலை. கேக்காம இருந்ததே எனக்குப் பயமாப் போச்சு. அவ வீட்டுக்குப் போறதைக் குறைச்சேன், அப்புறம் அதுவும் நின்னு போச்சு." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தினமும் இந்த பஸ் ஸ்டாப்லதான் இறங்கறேன். அந்தச் சீட்டைப் பார்த்ததும் கால் நகரலை. ஒரு தடவைக்கு மூணு முத்துக்கு மேல தைக்கக் கண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது. மத்தபடி என்ன வேணும்னாலும் செய்யுங்க. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மேலாளர் மன்னிப்புக் கேட்டார். மேசையில் இருந்த முத்தை டப்பாவில் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்தார். அடுத்த முறை உள்ளறையில் சன்னலோரம் உட்கார்ந்தே தைக்கலாம், அங்கே வெளிச்சம் நன்றாக விழும் என்றார். அக்காவிடம் ஒரு வார்த்தை போகாது என்று வாக்கும் கொடுத்தார்.

மாலையில் போன் வந்தது. கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு, மேலாளர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்கும் யாரும் வாங்கலை மேடம். விலையைக் கொஞ்சம் குறைச்சா நல்லதுன்னு தோணுது."



"வாங்கறதைப் பத்தி நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?" என்றார் பாடகி. "என் தங்கச்சி இன்னும் எத்தனை முத்து தைக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."