முதுகு காட்டியவர்

"நாற்காலிய இறக்கக் கூடாதுன்னா கூடாது!"

"சின்னப் பசங்க பாக்குற படம் சார், எவ்வளவு நேரம்தான் சுமப்பாங்க—"

"பத்திரிகையில வந்தப்போ சுமந்துகிட்டுதானே நின்னாங்க?"

"அது அசையாத படம். இப்ப நடக்குறாங்க, தோள் வலிக்காதா?"

பத்திரிகை ஆசிரியர் மேசையைத் தட்டினார். அவருடைய தலையங்கத்துக்கு எதிரில் நின்ற பெண் ஓவியர் வரைந்த படம் அது: நாலு பேர் தோளில் ஒரு நாற்காலி, அதில் முதுகு காட்டி ஒருவர். அதையே அவளையும் சேர்த்து ஓவியப் பிரிவின் நால்வரும் இப்போது சிறுவர்களுக்குக் கார்ட்டூன் படமாக்கியிருந்தார்கள்.

"இறக்கி விட்டா மந்திரி நம்மள சும்மா விடுவாராம்மா?"

"மந்திரின்னு யார் சொன்னா? நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

அவள் படத்தை ஓட விட்டாள். நாற்காலி தரையைத் தொட்டதும் அதிலிருந்தவர் கோபமாகத் திரும்பினார். அது மந்திரியின் முகம் இல்லை.

ஆசிரியரின் கை தானாகத் தன் வழுக்கையைத் தடவியது.

"இன்னும் சுமக்கணும்னா வேற நாலு பேரைப் பாத்துக்குங்க, சார்."