மூன்றாவது கடி

"பாப்பா கடிச்சதுல போன ரெண்டு தடவையும் பல் பதியல. இந்தத் தடவை பக்கத்துக் குழந்தை கையில ஆறு பல் பதிஞ்சிருக்கு. எண்ணிப் பார்த்தோம்" என்றாள் மிஸ்.

அவன் நாலு வயதுக் குழந்தைகளுக்கான நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்ததால் கையில் கிரீஸ் போகவில்லை. கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டான்.

மூலையில் மேசை போட்டு அமர்ந்திருந்த தலைமையாசிரியை, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மிஸ், நான் இருக்கேன்னு பார்க்காதீங்க. எல்லாப் பெத்தவங்ககிட்டயும் கேக்கற மாதிரியே இவர்கிட்டயும் கேளுங்க. இங்க யாருக்கும் சலுகை கிடையாது."

மூன்று முறை கடித்தால் குழந்தையை ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. விசாரித்துப் பார்த்து, வேண்டுமானால் தலைமையாசிரியை மன்னித்து விடலாம். அந்த ஒரு வாரம் அவனால் முடியாது. இந்த வருஷத்து லீவையெல்லாம் பாப்பாவின் காய்ச்சலும் காதுவலியும் ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தன.

காலையில் மனைவி ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். "என்ன கேட்டாலும் 'சரிங்க மிஸ், இனிமே பார்த்துக்கறோம் மிஸ்.' இது ரெண்டுதான் உங்க வாயிலேர்ந்து வரணும். உங்க வாய்தான் நமக்கு எதிரி."

"சரிங்க மிஸ்" என்றான்.

"நான் இன்னும் எதுவும் கேக்கல."

"இனிமே பார்த்துக்கறோம் மிஸ்."

மிஸ் பெருமூச்சு விட்டுப் படிவத்தைப் புரட்டினாள். "வீட்டுல பாப்பா முன்னாடி யாராவது யாரையாவது கடிக்கிறது உண்டா?"

அங்கேதான் அவனுக்கு நாக்கு அரித்தது.

"உண்டு மிஸ். அவ அம்மா."

மிஸ்ஸின் பேனா நின்றது.

"பாப்பா கன்னம் கிடைச்சா போதும் மிஸ், லபக்குனு ஒரு கடி."

"அது கொஞ்சல்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவளும் பக்கத்துக் குழந்தையைக் கொஞ்சத்தான் செஞ்சிருக்கா."

மூலையிலிருந்து "ம்ம்" என்று சத்தம் வந்தது. அந்த 'ம்ம்' அவனுக்குத் தெம்பாக இருந்தது.

"சரி" என்றாள் மிஸ். "அப்பா சாயங்காலம் பாப்பாகூட விளையாடறீங்களா?"

"தினமும் மிஸ்."

"'அப்பா தூங்குற சிங்கம், நீ சத்தம் போடாம காவல் இருக்கணும்'னு சொல்லிட்டு, சோபாவுல குப்புறப் படுத்துக் குறட்டை விடறதுதானே அந்த விளையாட்டு?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாப்பா சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன? காவல் இருக்கற குழந்தைக்குப் போரடிச்சா என்ன பண்ணும்? சிங்கத்தோட காலைக் கடிச்சுப் பார்க்கும். சிங்கம் 'ஆ'ன்னு துள்ளும். கடிச்சா வேடிக்கையா இருக்கும்னு அவ கத்துக்கிட்டதே அங்கதான்."

"சிங்கத்துக்கு அது வேடிக்கையா இல்ல மிஸ். ரெண்டு நாள் நொண்டிக்கிட்டே வேலைக்குப் போச்சு."

"அந்தச் சிங்கம் சாப்பிட்ட தட்டையாவது கழுவி வைக்குமா?"

"தட்டுக்கும் கடிக்கும் என்ன சம்பந்தம் மிஸ்?"

"படிவத்துல இருக்கு" என்ற மிஸ், படிவத்தைச் சட்டென்று தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "பேச்சு எங்கேயோ போகுது. ஒரு வாரம் குழந்தையை வீட்டுல வெச்சுப் பார்த்துக்க முடியுமா, முடியாதா?"

"முடியாதுங்க மேடம். எனக்கு ஒரு நாள் லீவுகூட மிச்சமில்ல. ஏழு கட்டடம் என் பொறுப்பு."

"அம்மாவுக்கு?"

மிஸ் தலையை லேசாக இடமும் வலமும் அசைத்தாள். அவன் அதைப் பார்க்கத்தான் செய்தான். ஆனால் வாய் அவனை முந்திக்கொண்டது.

"அவளுக்கா? அவ வேலை பார்க்கற இடத்துல ஒரு மேடம் இருக்காங்க. லீவுன்னு வாயைத் திறந்தாலே கடிச்சுக் குதறிடுவாங்களாம். சாப்பிடும்போது அவங்க மாதிரியே நடிச்சுக் காட்டுவா. பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கும்."

மிஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

"கடிச்சுக் குதறிடுவாங்களா?" தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டார்.

"அப்படித்தான்... சொன்னா மேடம்." அவனுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். உதட்டோரம் துடித்தது கோபத்தாலா, சிரிப்பாலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அவ்வளவு மோசமானவங்க முன்னாடி அந்தப் பொண்ணு லீவு கேட்டு நிக்க வேண்டாம். பாப்பா நாளைக்கு வரட்டும். இனிமே கடிக்காம பார்த்துக்கறோம்னு பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

அவர் வெளியே போனதும் அவன், 'அப்பா' என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை மேசையின் மறுபக்கம் தள்ளினான்.

'அம்மா' என்றிருந்த இடத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்ட மிஸ், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு!"