பதினோரு மணிச் சுற்று

“எண்ணிக்கோம்மா. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவர் சம்சாரம். புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு. காலேஜ் பொண்ணுங்க மூணு பேர். கண்ணு சிவந்த ஒரு ஆளு, அவர் பொண்டாட்டி. மொத்தம் ஒன்பது. ஒண்ணு குறைஞ்சாலும் என்கிட்ட வந்து நிக்காதே” என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

வழிகாட்டிப் பெண் எண்ணினாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். தனியாகச் சுற்றிக் காட்டுவது இன்றுதான் முதல் தடவை. காலையிலேயே மேனேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

“தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றார். யாருன்னு எனக்கே தெரியாது. சாதாரண ஆளு மாதிரி டிக்கெட் வாங்கிட்டு வருவார். அவர் நல்லா எழுதினா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்.”

இருநூறு வருஷத்து மாளிகை. கூடத்தில் ஆரம்பிக்கும்போதே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “இந்தப் படிக்கட்டுல மொத்தம் முப்பத்தி நாலு படி...”

“முப்பத்தஞ்சும்மா” என்றார் கண் சிவந்தவர், மெதுவாக. “பன்னெண்டாவது படி முனகும். ஓரமா மிதிங்க.”

முனகியது. போச்சு, இவர்தான் அந்த ஆள் என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் கண் அவரை விட்டு நகரவில்லை. விசித்திரமான மனிதர். எந்த ஜன்னலில் காற்று ஊளையிடும் என்று தெரிகிறது. சாப்பாட்டு அறைத் திரைச்சீலையைப் பார்த்தால், “அட, இது சிவப்பா!” என்று வாயைப் பிளக்கிறார். அவர் மனைவி அந்த அறையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சக்களத்தி அழகாத்தான் இருக்கா” என்றாள். சுவரில் மாட்டியிருந்த எஜமானியம்மாளின் ஓவியத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக் காலேஜ் பெண்கள் சிரித்தார்கள்.

நிலவறைக்குள் இறங்கி நின்றபோது மின்சாரம் போனது. மை இருட்டு. கைபேசிகளையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கல்யாணப் பெண் வீல் என்று கத்தினாள். “ஐயோ, எனக்கு மூச்சு முட்டுது” என்றாள் வாத்தியாரின் மனைவி. வழிகாட்டி கைகளை நீட்டிச் சுவரைத் தேடினாள்.

காதருகே கண் சிவந்தவரின் குரல் கேட்டது. “பயப்படாதீங்கம்மா. நான் சொல்றதை நீங்க சத்தமாச் சொல்லுங்க. நேரா ஏழு அடி. இடது கைப்பக்கம் தூண். அப்புறம் பதினாலு படி. கடைசிப் படியில தலையைக் குனியணும்.”

அவர் முணுமுணுக்க, அவள் சத்தமாகச் சொன்னாள். ஒன்பது பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் மேலே வந்தார்கள். வாத்தியார் கைதட்டினார். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கண் சிவந்தவர் கும்பலின் பின்னால் போய்விட்டார்.

மத்தியானம் பக்கத்துக் கிராமம். மாளிகையில் வேலை செய்தவர்களின் ஓட்டு வீடுகள், ஒரு பழைய கொல்லன் பட்டறை. அவள் உலையைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் மரத்தடி பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“எழுப்பாதம்மா” என்றாள் மனைவி. “இவருக்கு இதுதான் தூங்குற நேரம்.”

வேலை நேரத்தில் தூங்குகிறார். தலைமை ஆபீஸ்தான், சந்தேகமே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் பல்லெல்லாம் தெரியக் கூப்பிட்டார். “தப்பிச்சே போ! இருட்டுல ஒன்பது பேரை அலுங்காமக் கூட்டிட்டு வந்தியாமே. ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கார்.”

“அந்தக் கண்ணு சிவந்த சாரா?”

“அது யாரு? வாத்தியார்னு சொல்லிக்கிட்டு வந்தாரே, அவர்தான் ஆபீஸர்.”

அவள் வாசலுக்கு ஓடினாள். கூட்டம் எப்போதோ கலைந்திருந்தது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று தெருவின் இரு பக்கமும் தேடிப் பார்த்தாள்.

மேனேஜர் பின்னாலேயே வந்து சாவியை நீட்டினார். “நிரந்தரமாயிட்டே இல்ல? இனிமே பின்வாசல் உன் பொறுப்பு. அங்கே ஒருத்தர் நிப்பார். உள்ளே விட்டு, வெளியே பூட்டிட்டுக் கிளம்பு.”

பின்வாசலில் அவர்தான் நின்றிருந்தார், காக்கிச் சட்டையில். மனைவி சாப்பாட்டுப் பையை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சார்... நீங்களா? நீங்க மட்டும் இல்லேன்னா என் வேலை போயிருக்கும் சார். ரொம்ப நன்றி.”

“நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும். பதினேழு வருஷமா இங்க ராத்திரிக் காவல். ஓவியம் கெட்டுடும்னு ஒரு விளக்கு போட விடமாட்டாங்க. இன்னிக்குத்தான் இந்த வீட்டைக் கண்ணால பாத்தேன்.”

அவர் உள்ளே போனார். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.