கவ்வாத ட்ரில்

லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் டர்னர், ட்ரில்லை மாட்ட முடியாமல் தடுமாறினார். அதைப் பார்த்ததும் முதலாளிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. மோதிரத்தை எடுத்தவன் இவனேதான்.

மாமனார் ஆசையாகப் போட்ட மோதிரம். சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போதுதான் விரல் மொட்டையாக இருந்ததைக் கவனித்தார். அப்போது பக்கத்தில் சோப்பு நீட்டிக்கொண்டு நின்றது இந்த டர்னர். அன்றிலிருந்து முதலாளிக்கு நின்றால் நிலைகொள்ளவில்லை, உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. இன்று மதியத்தோடு ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

"என்னய்யா, ஒரு ட்ரில்லை மாட்ட இவ்வளவு நேரமா?"

"உள்ளே போக மாட்டேங்குது முதலாளி."

லேத்தின் கடைசியில் நிற்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு துளை. ட்ரில்லின் கூம்பிய பின்பக்கத்தைத் துடைத்து, அதில் ஒரே தள்ளாகத் தள்ளினால் கப்பென்று கவ்விக்கொள்ளும். இன்றைக்கு என்னவோ, இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு ஆடியது.

"வெள்ளிக்கிழமை நீ மச்சினி கல்யாணம்னு லீவு போட்டே. நான் ஒத்த ஆளா இதே லேத்துல நின்னு அம்பது பின்னு கடையலையா? மெஷினைக் குறை சொல்லாதே. கல்யாணச் சாப்பாடு இன்னும் இறங்கலையா உனக்கு?"

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் பின்னு வேலைதான் முதலாளி, பின்னுக்குத் துளை போட வேண்டாமே. ட்ரில் மாட்டுறதே இன்னைக்குத்தான்."

டர்னரின் வாட்ச் வழக்கம்போலச் சுவர் ஆணியில் தொங்கியது. அதற்கு மேலே பலகையில் முதலாளியின் கோணல் எழுத்து: 'மோதிரம், வாட்ச் கழற்றாமல் மெஷினைத் தொடாதே.'

டர்னர் சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுத் துழாவினார். சுட்டதுபோல் வெடுக்கென்று உருவிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது, பாவம்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லை. இது என் கைக்கு ஆகாது. நீங்களே மாட்டிடுங்க." பிறகு பில் மேசைப் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும் கொஞ்சம் வந்து பாருங்க."

முதலாளியின் மனைவி எழுந்து வந்தாள்.

"பதினாறு வருஷம் லேத்துல நின்னவன் பேசுற பேச்சா இது? தள்ளு!" முதலாளி ட்ரில்லைத் துடைத்தார், செருகினார், உள்ளங்கையால் ஒரு குத்தும் விட்டார். ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் சுண்டுவிரலைத் துளைக்குள் நுழைத்தார்.

விரல் வெளியே வந்தபோது அதில் மோதிரம் மாட்டியிருந்தது.

முதலாளி போட்ட சத்தத்தில் பட்டறையே அதிர்ந்தது. "பார்த்தியாடி! 'மனுஷனைச் சந்தேகப்படாதீங்க'ன்னு ரெண்டு நாளா எனக்குப் பாடம் எடுத்தியே! எங்க ஒளிச்சு வச்சிருக்கான் பாரு!"

டர்னர் ஆணியிலிருந்த வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

மனைவியின் கண் மோதிரத்தில் இல்லை. வாட்ச் இருந்த ஆணிக்கு மேலே, பலகையில் நின்றது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை அம்பது பின்னு கடைஞ்சப்போ, மோதிரத்தைக் கழட்டி எங்க வச்சீங்க?"