கேட்டால் கொடுக்க மாட்டேனா?

பதினோராவது குச்சியும் காய்ந்துவிட்டது.

ஹேமலதா அதைத் தொட்டியிலிருந்து பிடுங்கி ஒடித்துப் பார்த்தாள். உள்ளே பேருக்குக்கூடப் பச்சை இல்லை.

"எல்லாத்தையும் சேத்து வை. பொங்கலுக்கு அடுப்பெரிக்கலாம்" என்றான் வெற்றிவேல். பெண்டாட்டி நொந்துபோய் நிற்கிற நேரம் பார்த்துக் கிண்டல் செய்வதில் புருஷன்மாருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அவளும்தான் என்ன செய்யவில்லை? செம்மண், தேங்காய் நார்த்தூள், வெட்டின நுனியில் சோற்றுக்கற்றாழைச் சாறு, யூடியூபில் எவனோ சொன்னானென்று மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். வைத்திக்குப்பத்துக் கடல் காற்றில் ரோஜா கருகும், சரி, ஒத்துக்கொள்ளலாம். செம்பருத்தியுமா? வேலியோரம் ஒடித்துப் போட்டாலே துளிர்க்கிற ஜாதி அது.

பக்கத்து வீட்டு சாந்தியின் மாடியில் மட்டும் அது கொழித்தது. ஆரஞ்சு நிறம், நடுவில் ரத்தச் சிவப்பு, உள்ளங்கையை விரித்த அளவு அடுக்குப் பூ. பீச்சுக்குப் போகிறவர்கள்கூட நின்று போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சாந்தி கஞ்சம் இல்லை. யார் கேட்டாலும் குச்சி உண்டு. "இப்ப வெட்டுனா செடிக்கு ஆவாது, நாளைக்கு நானே கொண்டாந்து தரேன்" என்பாள். சொன்னபடி மறுநாள் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தும் தருவாள். ஆனால் தெருவில் ஒருத்தர் வீட்டிலும் அது பிடிக்கவில்லை. மற்றவர்கள் ஒன்றிரண்டு குச்சியோடு விட்டுவிட்டார்கள். விடாமல் முயன்ற ஹேமலதாவுக்குத்தான் கைராசி இல்லாதவள் என்று பெயர் வந்தது.

"மனசை விட்டுடாத ஹேமா. எல்லார் கையும் ஒண்ணா இருக்குமா" என்று சாந்தியே முதுகைத் தடவி ஆறுதல் சொல்வாள். அதைக் கேட்கும்போதுதான் எரிச்சல் இன்னும் கூடும்.

செடியோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆவணியில் வெற்றிவேலின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நவதானியம் தெளிக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். கை நீட்டிய ஹேமலதாவை ஓரகத்தி தாமரைச்செல்வி சிரித்துக்கொண்டே தடுத்தாள்.

"நீ போயி பந்தியப் பாத்துக்க. முளைக்கிற சமாச்சாரம், எதுக்கு வம்பு."

அவளுக்குப் பதிலாகக் கூப்பிட்டது சாந்தியை. சொந்தம்கூடக் கிடையாது, பக்கத்து வீடு. ஹேமலதா சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

வருகிற தையில் ஹேமலதாவின் சொந்த மகளுக்குக் கல்யாணம். அதிலும் அவள் நவதானியத்தைத் தொட வேண்டாம், சாந்தியே தெளிக்கட்டும் என்று இப்போதே பேச்சு நடக்கிறது. பெற்றவள் கையே ஆகாதாம்.

அன்று மத்தியானம் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். சாந்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாடிப்படி திறந்து கிடந்தது. என்ன நினைத்தாளோ, ஏறிப் போய் ஒரு குச்சியை ஒடித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எதிர்வீட்டு ஆயம்மா கண்ணில் பட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி. பட்டது.

சாயங்காலம் சாந்தி வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஆயம்மாவும் இன்னும் நாலு பேரும். சாந்தி சத்தம் போடவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"எப்பனா இல்லன்னு சொல்லியிருக்கனா ஹேமா? கேட்டா குடுக்க மாட்டேனா?"

இவ்வளவு நல்ல மனுஷியிடம் போய் இப்படிச் செய்யலாமா, கை ராசிதான் இல்லை, மனசுமா இப்படி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வெற்றிவேல்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றான்.

தொட்டியில் நட்டிருந்த குச்சியை சாந்தியே பிடுங்கிக்கொண்டாள்.

"இது முத்தாத குச்சி, பிடிக்காது. காலைல நல்லதா மூணு வெட்டித் தரேன்."

திருடினவளுக்கே தருகிறாளே என்று தெரு மெச்சியது. ஹேமலதாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தப்பு தன் மேல்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ராசியில்லாத கை, அதில் திருட்டு வேறு. மகள் கல்யாணத்தில் நானே ஒதுங்கி நின்றுகொள்கிறேன் என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் அவள் தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு முதல் ஷிப்ட். ஆறு மணிக்கெல்லாம் வேன் வந்துவிடும். சாந்தி குச்சியோடு வரும்வரை காத்திருக்க முடியாது. தானே போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, தையில் நவதானியத்தையும் நீங்களே தெளியுங்கள் என்று சொல்லிவிட்டு, குச்சியையும் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள்.

முன்வாசல் சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில், அப்போதுதான் வெட்டிய மூன்று செம்பருத்திக் குச்சிகளை முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் சாந்தி, பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு.