விட்டுப்போன குட்டி

"மாட்டுப் பாலை ஊத்திக் கீத்தித் தொலைச்சிடாத அல்லி. கண்ணு தொறக்காத குட்டி, வயித்தால போயே செத்துடும்" என்றபடி அடுப்படிக்குள் நுழைந்தாள் ராசாத்தி.

தலத்தெருவில் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிற உரிமையை ராசாத்தி தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்கு அல்லியும் அவள் புருஷன் தியாகராசனும் ஏனாமிலிருந்து மாற்றலாகி இப்போதுதான் வந்திருந்தார்கள். பரண்மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. சாமான் இறக்கிய சத்தத்தில் மிரண்டுபோன தாய், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடியது. கடைசிக் குட்டியை எடுக்க மட்டும் வரவில்லை.

அல்லி அதுவரை ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்தவள் இல்லை.

"மாட்டுப் பால் குடுக்கலைங்க்கா."

"ஆட்டுப் பாலா? அதுதான் ஒத்துக்கும். யாருகிட்ட வாங்குறே?"

அல்லி துணித்திரியைப் பாலில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். எலிக்குஞ்சு மாதிரி இருந்த அது ஆவலாக உறிஞ்சியது. ராசாத்தியின் கண் அல்லியின் கையிலிருந்த வெள்ளிப் பாலாடையில் போய் நின்றது.

"அடி ஆத்தி! பச்சப்புள்ளைக்குப் புகட்டுற பாலாடையிலயா பூனைக்கு? புள்ள வர்றதுக்கு முன்னாடியே பாலாடை வந்தாச்சா? கெட்டிக்காரிதான்!"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். அல்லி சிரிக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டாலும் ராசாத்தி உபதேசத்தை நிறுத்தவில்லை.

"குடிச்சதும் ஈரத்துணியால அடிவயித்தைத் தடவி விடு. தாய் நக்கி விட்டாத்தான் இதுக்கெல்லாம் ஒண்ணுக்கே வரும். பழைய வேட்டில சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல வை, குளிரு ஆகாது. அது சரி, சட்டையெல்லாம் ஏன் இப்படி நனைஞ்சு கெடக்கு? பாத்திரம் தேய்க்கறப்ப முந்தானையை இழுத்துச் செருகிக்கக் கூடாதா?"

அல்லி அவசரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வாசலில் பூக்காரியின் குரல் கேட்டது. "வேணாம்மா" என்று உள்ளேயிருந்தே சொன்னாள் அல்லி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுந்தலையோட இருக்கியே. புருஷனோட சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா."

ராசாத்தி அதோடு விடுகிற ஆளா? மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பிய தியாகராசனை வாசலிலேயே மடக்கினாள்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் தம்பி?"

"நாலு வருஷங்க."

"விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க" என்றவன், செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டான்.

குட்டி கண் திறந்தது. வயிறு உருண்டு திரண்டு, தத்தித் தத்தி நடக்கவும் ஆரம்பித்தது. புருஷன் கிளம்பிப் போனதும் அல்லி கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே அவள் அதைக் கொஞ்சுகிற சத்தம், தாலாட்டுகிற சத்தம் எல்லாம் கேட்கும். ராசாத்தி இலங்கை வானொலியைக்கூடக் குறைத்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று கேட்டாள். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை, அந்தக் கவலையும் இல்லை, பூனையோடு என்ன பொம்மை விளையாட்டு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அல்லி, தாய் கெடைச்சிடுச்சு! எங்க விறகுக் கொட்டகையிலதான் மத்த குட்டிங்களோட கெடக்கு. இதைக் கொண்டா, சேத்து விட்டுடலாம்."

அல்லி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேணாங்க்கா. எங்கிட்டயே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு?"

"தாய் உசுரோட இருக்கப்ப நீ எதுக்கு வளக்கணும்?"

"அது விட்டுட்டுப் போயிடுச்சுங்க்கா. நான்தானே காப்பாத்துனேன்."

"விட்டுட்டா போச்சு? உன் வீட்டு ஓட்டு மேல ஏறி ஏறிக் கத்திட்டுத் திரியுது. பெத்தவ தவிப்பு உனக்கு என்னடி தெரியும்? ஒண்ணைப் பெத்துப் பாரு, அப்பத் தெரியும்!"

அல்லி அணைப்பை விட்டுக் குட்டியை நீட்டினாள்.

ராசாத்தி குட்டியை வாங்கிக்கொண்டு போனாள். மனுஷ வாடை போகட்டும் என்று, மற்றக் குட்டிகள் கிடந்த சாக்கில் அதைப் புரட்டித் தாயின் பக்கத்தில் விட்டாள். தாய்ப்பூனை மோந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. குட்டி முட்டி மோதி மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

கொட்டகை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த அல்லி, வீட்டுக்குப் போய்விட்டாள். நன்றிகூடச் சொல்லத் தெரியவில்லையே என்று ராசாத்திக்குக் குறைதான். ஆனாலும் ஒரு தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்த புண்ணியம் தனக்குத்தான் என்று மனசு நிறைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பூக்காரி வந்தபோது, அல்லியே வாசலுக்கு வந்தாள். காய்ச்சல் கண்டவள்போல முகம் வாடிக் கிடந்தது.

"மல்லி நாலு முழம் குடும்மா."

திண்ணென்று கட்டிய பூவைப் பார்த்து ராசாத்திக்கு வாயெல்லாம் பல்.

"அப்பாடா, பூனையும் போச்சு, புத்தியும் வந்துச்சு! இப்பத்தான் லட்சணம். திரும்பு, நானே வச்சு விடறேன்."

அல்லி திரும்பவில்லை.

"தலைக்கு இல்லைங்க்கா. பால் வத்த மார்ல வச்சுக் கட்டணும். குட்டி போனதுலேருந்து பால் கட்டிக்கிட்டு வலி தாங்க முடியலை" என்றாள். "எம் புள்ளைய ஏனாம்லயே புதைச்சுட்டு வந்துட்டோம். பால் மட்டும் கூடவே வந்துடுச்சு."