ரெண்டு நிமிஷ ஓ.டி.பி.

போனில் கம்பெனிப் பெண் சொன்னாள்: "ஆன்லைன் பேமென்ட் வசதிக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கேன் சார். ரெண்டே நிமிஷம்தான் செல்லும்."

அது போய்ச் சேர்ந்தது, அவர் தொழிலில் பங்குதாரரான மனைவியின் போனுக்கு. அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஆனால் மூன்று நாளாகப் பேச்சில்லை.

"மாப்ளே, உன் அக்காகிட்ட அந்த நம்பரைக் கேளு!" என்று மச்சினனை விரட்டினார்.

போனவன் திரும்பி வந்தான். "இந்தக் கம்பெனியை என்னைக் கேட்டா பிடிச்சாருன்னு கேக்கறா, மாமா."

"கமிஷன் கம்மின்னு சொல்லுடா!"

மறுபடி போய் வந்தான். "அதை முன்னாடியே சொன்னா வாயா வலிக்கும்னு கேக்கறா."

பல்லைக் கடித்தார். அதற்குள் கம்பெனிப் பெண் திரும்பத் திரும்ப அனுப்பியதில் நான்காவது ஓ.டி.பி.யும் காலாவதியானது. "நான் என்ன தபால்காரனா?" என்று மச்சினன் உட்கார்ந்துவிட்டான்.

"சரி சார், அதுக்குள்ள மிச்ச விவரம் குடுங்க. என்ன தொழில் பண்றீங்க?"

அவர் குரல் இறங்கியது.

"புருஷன் பொண்டாட்டிக்கு மனசுவிட்டுப் பேசக் கத்துக்குடுக்கறோம்மா."